பூனைச் சின்னம் யாருடையது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானியாக இருந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் வெளியே வருவது அவருடைய தோல் மேல்சட்டையும் அதில் தைத்த படையணிச் சின்னமும்தான். அந்தச் சின்னத்தை மட்டும் நம்பி அவருடைய போர் வரலாற்றை எழுதக் கூடாது. சின்னம் கைமாறும், படையணியின் எண்ணும் மாறும். தேதியிட்ட ஆவணம்தான் ஆளையும் அணியையும் இணைக்கிறது.

ஃபீலிக்ஸ் பூனையின் கதையே இதற்குச் சான்று. திரி எரியும் வெடிகுண்டைக் கையில் ஏந்தி ஓடும் அந்தக் கார்ட்டூன் பூனை, போரின் தொடக்கத்தில் விஎஃப்-3 என்ற போர் விமானப் படையணியின் சின்னம். ஜான் தாச் தலைமையில் லெக்சிங்டன் கப்பலிலிருந்து பறந்த அணி அது. எட்வர்ட் ஓஹேர் புகழ்பெற்றதும் அதில்தான். 1943 ஜூலை 15 அன்று கடற்படை இரு அணிகளின் எண்களை மாற்றிப் போட்டது: விஎஃப்-3 விஎஃப்-6 ஆனது, விஎஃப்-6 விஎஃப்-3 ஆனது. பழைய அணியினர் பூனையைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். புதிதாக 3 என்ற எண்ணைப் பெற்றவர்களோ, எண்ணோடு பூனையும் தங்களுக்கே வந்ததாக உரிமை கோரினார்கள். போர் முடிந்தபின் 1946இல் சின்னம் இந்த இரண்டாம் தரப்புக்கே அதிகாரபூர்வமாகக் கிடைத்தது. ஆகவே, 1943 இறுதியில் விஎஃப்-6இல் இருந்த ஒருவரின் சட்டையில் பூனையைக் கண்டு போலி என்று தள்ளுவது அவருக்குச் செய்யும் அநீதி. “விஎஃப்-3இல் இருந்தார்” என்று தேதி இல்லாமல் எழுதினால், அது எந்த அணி என்பதே தெரியாது.

தேதியைத் தரும் ஆவணங்கள் இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தனிநபர் கோப்புகள் உள்ளன. பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆனவர்களின் கோப்பை யாரும் கேட்டுப் பெறலாம். அதிலுள்ள இடமாற்ற உத்தரவுகளை விமானியின் சொந்தப் பறப்புப் பதிவேட்டோடும், படையணியின் போர் நாட்குறிப்போடும், ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் எழுதப்பட்ட அறிக்கையோடும் ஒப்பிட வேண்டும். இங்கே பலர் தடுமாறுவது கப்பல்களின் ஆள்பட்டியலில். அதில் அதிகாரி அல்லாத வீரர்களின் பெயர்கள்தான் இருக்கும். விமானிகளில் பெரும்பாலோர் அதிகாரிகள் என்பதால், பட்டியலில் பெயர் இல்லை என்பதை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

“கோப்புகளெல்லாம் 1973 தீயில் எரிந்துவிட்டனவே” என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. அந்த ஆவண மையத்தில் பற்றிய அந்தத் தீ உண்மையிலேயே பேரிழப்பு, 1.6 முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. ஆனால் அவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படை விமானிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. எனவே அதைச் சொல்லித் தேடலை நிறுத்துபவர்கள், கிடைக்கக்கூடிய சான்றையே கைவிடுகிறார்கள்.

அரசு ஆவணமே தவறினால் என்ன செய்வது என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஆவணமும் தவறும். 1942 பிப்ரவரி 20 அன்று ஓஹேர் ஐந்து ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தியதாகப் பதிவாகி, அவருக்கு மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது. ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள் அந்த எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்தார்கள். வேகமும் புகையும் நிறைந்த வான்போரில் எண்ணிக்கை கூடிவிடுவது எல்லா நாட்டு விமானிகளுக்கும் நேர்ந்ததுதான். இதில் திருந்தியது எண் மட்டுமே. அன்று அவர் பறந்தார், எந்தக் கப்பலைக் காக்கப் போராடினார், யார் தலைமையில் என்பதில் ஒன்றும் மாறவில்லை. அந்தத் திருத்தமும் குடும்ப நினைவிலிருந்தோ சட்டைச் சின்னத்திலிருந்தோ வரவில்லை. எதிரி எழுதி வைத்த இன்னொரு தேதியிட்ட ஆவணத்திலிருந்தே வந்தது.