நாஞ்சில் நாட்டு ஆய்வுத் தரவுகளைப் பேணுவதற்கான கட்டற்ற இயங்குதளத் தேர்வு

முன்னுரை

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டு ஒலிப்பதிவுகள், ஏட்டுச்சுவடிகளின் மின்படிமங்கள் ஆகியவை முனைவர் பட்ட ஆய்வு நிறைவுற்ற பின்னரும் காக்கப்பட வேண்டியவை. கல்லூரித் தமிழ்த்துறை ஒன்று இவற்றைத் தன் சேவையகத்தில் பேண முற்படின், எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்னும் வினா எழும். கட்டற்ற திறந்தமூல இயங்குதளங்கள் பலவும் உரிமக் கட்டணமின்றிக் கிடைப்பதால், விலையைக் கொண்டு அவற்றுள் ஒன்றைத் தேர்வது இயலாது. ஆதரவுக் காலம், அதனை முடிவுசெய்யும் அதிகாரம் ஆகிய இரண்டு அளவுகோல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆதரவுக் காலம்

ஒரு பதிப்பின் அடிப்படையை மாற்றாமல், அதற்குப் பல்லாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதே நிறுவனத் தர இயங்குதளத்தின் இயல்பாகும். டெபியனின் நிலைப்பதிப்பு ஒவ்வொன்றும் நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஏறத்தாழ 5 ஆண்டுகள் திருத்தங்களைப் பெறுகிறது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்சுக்கு இணக்கமான அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவை ஒரு முதன்மைப் பதிப்பிற்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆதரவளிக்கின்றன. அக்காலம் முடிந்த பின்னும் சேவையகம் இயங்கும். ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வாராது.

முடிவெடுக்கும் அதிகாரம்

எதிர்பார்த்த ஆதரவுக் காலமும் மாறக்கூடும் என்பதற்குச் சென்ட்ஓஎஸ் சான்றாகும். 2019இல் வெளிவந்த அதன் 8ஆம் பதிப்பு 2029 வரை ஆதரவு பெறும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அது 2021 இறுதியுடன் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வெளியாயிற்று. அதனை நம்பி நிறுவியோர் ஏறத்தாழ ஓராண்டிற்குள் வேறு தளத்திற்கு மாற நேர்ந்தது. அவ்விடத்தை நிரப்பவே அல்மாலினக்சும் ராக்கி லினக்சும் 2021இல் வெளிவந்தன. 1993இல் தொடங்கப்பட்ட டெபியனைத் தன்னார்வலர்கள் நடத்துகின்றனர். அதன் தலைவர் ஆண்டுதோறும் வாக்கெடுப்பின் வழித் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்சும் டெபியனையே அடிப்படையாகக் கொண்டது.

முடிவுரை

ஒரு வணிக நிறுவனத்தின் முடிவைச் சாராதிருத்தல் முதன்மையெனக் கருதும் துறைக்கு டெபியன் ஏற்றது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு நேரடியாக மேம்படுத்தும் வழியும் அதில் உண்டு. பயன்படுத்தும் மென்பொருள் ரெட் ஹேட் இணக்கத்தை வேண்டுமாயின் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ் பொருந்தும். எதனைத் தேர்ந்தாலும், ஆதரவு முடியும் நாளைத் துறையின் இருப்புப் பதிவேட்டில் நிறுவும்போதே குறித்தல் வேண்டும். தரவுகளை ஒருங்குறியிலும் திறந்த கோப்பு வடிவங்களிலும் வைத்து, வேறோர் இடத்தில் படியொன்றும் பேணினால், இயங்குதளம் மாறினும் தரவுகள் நிலைக்கும்.