ஒரு வரி மாறினால் எத்தனை இடம் மாறும்?

2024 மார்ச் 1ஆம் தேதி மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உணவு, பானச் சேவைக்கு 6 விழுக்காடே நீடித்தது. உணவகக் கல்லாவில் பில் போடும் மென்பொருளை எழுதுவோருக்கு இது ஒரு சோதனை. எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

இன்று பல மென்பொருள் குழுக்கள் 'எஜைல்' முறையில் வேலை செய்கின்றன. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையால் இப்பெயர் பரவியது. இம்முறையில், தேவைகளைப் பெரும்பாலும் 'பயனர் கதை' என்ற சிறு குறிப்பாக எழுதுவார்கள். யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக என்ற மூன்றும் அதில் இருக்கும்.

உதாரணமாக, "காசாளராகிய எனக்கு பில்லின் மொத்தத் தொகை உடனே தெரிய வேண்டும், அப்போதுதான் வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல் பணம் வாங்க முடியும்." இதைக் கதை 12 என்று வைத்துக்கொள்வோம்.

கதை சிறியதுதான். ஆனால் அதற்குள் பல நுண்விவரங்கள் உள்ளன. 12.1: சேவை வரிக்குப் பதிவு பெற்ற உணவகமானால் உணவுக்கு 6 விழுக்காடு வரி சேர்க்க வேண்டும். 12.2: ரொக்கம் என்றால் மொத்தத்தை அருகிலுள்ள 5 காசுக்கு மாற்ற வேண்டும். இது 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதி. 12.3: ரசீதில் வரியைத் தனியாகக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு சோதனை வேண்டும். சாப்பாடு 23 வெள்ளி 50 காசு. 6 விழுக்காடு வரி 1 வெள்ளி 41 காசு. மொத்தம் 24.91; ரொக்கமானால் 24.90. யாரோ அவசரத்தில் எல்லா வரியையும் 8 ஆக்கிவிட்டால் 25.38 வரும்; ரொக்கத்தில் 25.40. ஒரு பில்லில் 50 காசு கூடுதல். நாள் முழுதும் நூற்றுக்கணக்கான பில்கள் போனால் வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? 12.1க்கு உரிய சோதனை இருந்தால், பிழை கடைக்குப் போகும் முன்பே சிக்கிவிடும்.

இப்படி கதை, விவரம், சோதனை மூன்றையும் எண்ணால் இணைப்பதே 'தடமறிதல்'. இதை இரு பக்கமும் பார்க்க வேண்டும். எந்தக் கதைக்கும் சேராத விவரம் இருந்தால், அது யாருக்குத் தேவை என்று கேட்க வேண்டும். சோதனையே இல்லாத விவரம் இருந்தால், வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது. ஒரே வரி விவரம் பொட்டலம், பணம் திருப்பித் தருதல் போன்ற வேறு கதைகளிலும் வரலாம். அங்கும் அதே எண்ணைக் குறித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பணம், சட்டம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விடக்கூடாது. கடைக்கு மென்பொருள் வாங்கும் முதலாளி விற்பனையாளரிடம் ஒன்று கேட்கலாம்: "வரி மாறினால் எந்தெந்த இடம் மாறும்? பட்டியல் காட்டுங்கள்." பட்டியல் உடனே வந்தால், அந்தக் குழு தன் வேலையின் தடத்தை வைத்திருக்கிறது.