நிறமும் நோயும்: ஆசிய நோயாளரில் லைக்கன் பிளானஸ்

மருத்துவ நூல்கள் தரும் நோய் விபரிப்புகள் எல்லா மக்களுக்கும் பொதுவானவை என்று கருத நாம் பழகிவிட்டோம். ஆயின் ஒவ்வொரு விபரிப்பும் குறித்ததொரு காலத்தில், குறித்ததொரு மக்கட் கூட்டத்தினரை நோக்கிப் பெறப்பட்டதாகும். லைக்கன் பிளானஸ் என்னும் சரும நோயின் ஆய்வு வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

1869இல் இலண்டன் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் இந்நோயைத் தனித்து வகுத்துப் பெயரிட்டார். 1895இல் பாரிஸைச் சேர்ந்த விக்கம், பருக்களின் மேற் படரும் நுண்ணிய வெண்கோடுகளை விபரித்தார். தட்டையான, பளபளப்பான, அரிப்புத் தரும் ஊதா நிறப் பருக்கள் என்பதே நூல்களில் நிலைத்த இலக்கணம். ஆனால் அந்த ஊதா, வெண்ணிறச் சருமத்திற் கண்ட ஊதாவாகும். கரிய சருமத்தில் அது சாம்பல் கலந்த கருமையாகவோ கடுங்கபிலமாகவோ தோன்றும்.

காரணம் நோயின் இயக்கத்திலேயே உள்ளது. உடலைக் காக்க வேண்டிய நிணநீர்க்கலங்கள் மேற்றோலின் அடிப்படைக் கலங்களைத் தாக்குகின்றன. சிதைந்த கலங்களிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் கீழ்த்தோலில் விழுந்து அங்கே தங்கிவிடுகிறது. எனவே பருக்கள் மறைந்த பின்னரும், கறை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். நிறப்பொருள் மிகுந்த சருமத்தில் இக்கறை மேலும் கடுமையாகும்.

1974இல் பூட்டானியும் அவர்தம் துணைவரும் இந்திய நோயாளரை ஆராய்ந்து, 'லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ்' என்னும் வகையை விபரித்தனர். இங்கே பருக்கள் முதன்மை பெறுவதில்லை. முகத்திலும் கழுத்திலும் மெல்லப் பரவும் கரும்படலமே நோயின் வடிவம். பழைய இலக்கணத்தை மட்டும் கையிற்கொண்டு தேடுவோர் கண்ணுக்கு இது எளிதில் அகப்படாது.

வாயினுள் தோன்றும் வகையும் இத்தகைய பாடத்தையே புகட்டுகிறது. பின்ட்போர்க், மேத்தா முதலியோர் கேரளத்தில் 7,639 கிராமவாசிகளின் வாயைப் பரிசோதித்து 1972இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வைத்தியசாலையை நாடி வருவோரை மட்டுமன்றி, கிராமத்து மக்களையே ஆய்வுக்களமாகக் கொண்டமை இதன் சிறப்பு. 1980இல் டப்தாரி முதலியோர், வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோரிடத்தில் லைக்கன் பிளானஸை ஒத்த வெண்கோடுகளை வேறு பிரித்துக் காட்டினர். தாம்பூலத்தை அடக்கிவைக்கும் இடத்திலேயே அக்கோடுகள் தோன்றும். பழக்கத்தைக் கைவிடின் மறையவும் கூடும். வெற்றிலை மெல்லுதல் பரவலாக உள்ள இலங்கைக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. வாயில் தோன்றும் லைக்கன் பிளானஸும் ஒரு சிறு தொகையினரிற் புற்றுநோயாக மாறக்கூடும். ஆதலால் இரண்டையும் பிரித்தறிவதும் நோயாளரைத் தொடர்ந்து கண்காணிப்பதும் இன்றியமையாதன.

எனினும் 'ஆசிய நோயாளர்' என்ற ஒரே வகுப்பினுள் யாவரையும் அடக்கிவிடலாகாது. 1989இல் சி வகை ஈரலழற்சி வைரசு இனங்காணப்பட்ட பின், யப்பானிய ஆய்வுகள் அதற்கும் இந்நோய்க்கும் வலுவான தொடர்பைக் கண்டன. இத்தாலியிலும் அவ்வாறே. ஆனால் பிரித்தானியாவில் அத்தொடர்பு புலப்படவில்லை. இந்திய ஆய்வுகள் பலவற்றிலும் அது உறுதிப்படவில்லை. ஆகவே ஓரிடத்து முடிவை ஆய்வின்றி மற்றோரிடத்துக்குப் பொருத்துதல், மேற்கிலிருந்து வரினும் கிழக்கிலிருந்து வரினும், ஒரே வகைத் தவறாகும்.

இது ஏட்டளவான வாதமன்று. லைக்கன் பிளானஸ் தொற்றுநோயன்று. இருந்தும் முகத்துக் கறை காரணமாக ஒதுக்கப்படுவோர் உளர். வெண்மை தருவதாக விற்கப்படும், பாதரசமோ கடுமையான ஸ்ரீரொயிட்டோ கலந்த களிம்புகளை நாடி, உள்ள துன்பத்தோடு புதிய கேட்டையும் தேடிக்கொள்வோரும் உளர். நோயின் உண்மையான பெயரையும் தன்மையையும் காலத்தில் அறிவதே இவர்களுக்கு முதல் மருந்து. அதற்கு, மருத்துவபீட மாணவர் கற்கும் படங்களிலும் விபரிப்புகளிலும் கரிய சருமம் விதிவிலக்காகவன்றி, விதியின் ஒரு பகுதியாகவே இடம்பெறல் வேண்டும்.