முதுகில் தொடங்கிக் காலில் இறங்கும் வலி: அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான இழப்பீடு

நரம்பு அழுந்தும்போது

கீழ்முதுகில் டிஸ்க் பிதுங்கினாலோ, எலும்பு தேய்ந்து இடைவெளி குறுகினாலோ அங்கிருந்து கிளம்பும் நரம்பு வேர் அழுந்துகிறது. வலி இடுப்போடு நிற்பதில்லை; பின்தொடை வழியாகப் பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்குகிறது. கால் மரத்துப்போகும், சுருக்கென்று குத்தும், சிலருக்கு முன்பாதத்தைத் தூக்கவே முடியாது. இதுதான் சயாட்டிகா. சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அது அவசரநிலை; விண்ணப்பம் பிறகு, மருத்துவமனைதான் முதலில்.

முதுகு வேறு, நரம்பு வேறு

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, முதுகுப் பாதிப்பைப் பெரும்பாலும் முன்னால் குனியும் அளவைக் கொண்டு மதிப்பிடுகிறது. 30 பாகையைத் தாண்டி 60க்குள் குனிய முடிந்தால் 20 சதவீதம். 30 பாகையோ அதற்கும் குறைவோ என்றால் 40. நரம்புப் பாதிப்பு இந்தக் கணக்கில் அடங்காது. ஒவ்வொரு காலுக்கும் தனி மதிப்பீடு உண்டு. ஆகவே விண்ணப்பத்தில் ‘முதுகுவலி’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது நல்லதல்ல.

சயாட்டிக் நரம்புக்கு லேசான பாதிப்பு 10 சதவீதம், நடுத்தரம் 20, அதற்கு மேல் 40, தசை நன்றாகச் சூம்பிய கடுமை 60, முழுச் செயலிழப்பு 80. உணர்ச்சிக் குறைவு மட்டுமே இருந்தால் மதிப்பீடு நடுத்தரத்தைத் தாண்டாது. கால் பலவீனம் மருத்துவக் குறிப்பில் ஏறவேண்டியது அதனால்தான்.

சான்றுகள்

முதுகுப் பாதிப்பு படைப்பணியால் வந்தது என ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்தால், நரம்புக் கோளாறை அதன் விளைவாகக் கோரலாம். பணிக்காலத்திலேயே கால் மரத்ததாகக் காட்ட வேண்டியதில்லை. முதுகே இதற்குக் காரணமாக இருக்கக் குறைந்தது சரிபாதி வாய்ப்புண்டு என்று மருத்துவர் காரணத்தோடு எழுதினால் போதும். எம்.ஆர்.ஐ. அறிக்கை துணைநிற்கும். நரம்பு மின்சோதனை இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லையென்று ஆகிவிடாது. வீட்டாரின் எழுத்து வாக்குமூலமும் சான்றுதான்.

விண்ணப்பமும் பரிசோதனையும்

விண்ணப்பிக்கும் எண்ணத்தை முதலில் பதிந்துவிட்டால், ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் தந்தாலும் அந்தப் பதிவு நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படலாம். துறை ஏற்பாடு செய்யும் பரிசோதனையில் வலி முற்றும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு உடம்பு தேவலையாக இருந்தால் பாதிப்பு குறைவாகவே பதிவாகும்.

சதவீதங்கள் நேராகக் கூட்டப்படுவதில்லை. முதுகு 20, இரு கால்கள் 20, 20 என்றால், இரு கால்களுக்கான கூடுதலையும் சேர்த்து மொத்தம் 50 ஆகிறது.

மறுக்கப்பட்டால் ஓராண்டுக்குள் புதிய சான்றோடு துணை விண்ணப்பம் தரலாம், மூத்த அலுவலரின் மறுபரிசீலனை கோரலாம், அல்லது மேல்முறையீட்டு வாரியத்தை அணுகலாம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் இலவசமாக உதவுகிறார்கள். முதல் விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரக் கட்டணம் வாங்குவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.