16,000 ரூபாய் கியர் சைக்கிளை 3,000-க்கு விக்கறதுக்கு முன்னாடி



உங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல, பில்லர் ஓரமா ஒரு எம்டிபி சைக்கிள் தூசி படிஞ்சு நிக்குதா? வேலைக்குச் சேர்ந்த புதுசுல, "இனிமே தினமும் காலையில 10 கிலோமீட்டர்" என்று சபதம் போட்டு வாங்கியது. முதல் ரெண்டு மாசம் ஜோரா ஓடியிருக்கும். அப்புறம் கியர் மாத்தினா "கடக் கடக்" என்று தாவ ஆரம்பிச்சது. டிஸ்க் பிரேக் உரசுற சத்தம் வந்தது. மிதிக்க பாரமா இருந்தது. ஒருநாள் காத்து இறங்கிச்சு, அதோட சரி.

என் சைக்கிளும் இப்படித்தான் ஒன்றரை வருஷம் நின்றது. 26 அங்குல சக்கரம், 21 கியர், முன்னாடி சஸ்பென்ஷன், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். 16,000 ரூபாய். கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "ஃபுல் சர்வீஸ், பார்ட்ஸ் எல்லாம் சேர்த்து 4,500 ஆகும் சார்" என்றார்கள். விற்கலாம் என்று ஆப்பில் போட்டால் 3,000-க்கு மேல் ஒருத்தரும் கேட்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் "சும்மா தானே சார் நிக்குது, என் பையனுக்குக் குடுத்துடுங்களேன்" என்றார். கொடுத்துவிடும் மனநிலையில்தான் இருந்தேன். அதற்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மொத்தமாக எனக்கு ஆன பார்ட்ஸ் செலவு 650 ரூபாய். ஒரு செயின், ஒரு செட் பிரேக் பேடு. மற்ற எல்லாமே திருகாணியை முடுக்குவதும் தளர்த்துவதும்தான்.

இது சைக்கிள் சேனல் இல்லை, தெரியும். ஆனா இது பண விஷயம்தான். 16,000 போனது போனதுதான், அது உங்க முடிவுக்குள்ள வரவே கூடாது. இன்னைக்கு உங்க முன்னாடி இருக்கிற கேள்வி, கையில் 3,000 வாங்குவதா, 650 செலவு பண்ணி ஓடுற சைக்கிள் வைத்துக்கொள்வதா என்பது மட்டும்தான். இதுல மூணாவதா ஒரு ஆசை வரும்: "இது மட்டமான சைக்கிள், 40,000-க்கு நல்லதா ஒண்ணு நோ-காஸ்ட் இஎம்ஐ-ல எடுத்துடலாம்." 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைஞ்சதும் இந்த ஆசைக்கு ஒரு சாக்கு. ஆனா அந்த 40,000 சைக்கிளிலும் செயின் நீளும், கேபிள் தளரும். அப்போ அதையும் பில்லர் ஓரமா நிறுத்துவீங்க.

வீடியோவில் கையால் செய்து காட்டியதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

என்னென்ன வேணும்

ஆலன் கீ செட் ஒண்ணு (எல் வடிவத்தில் இருக்குமே, அது, பெரும்பாலும் 4, 5, 6 எம்எம் மூணும்தான் வேலை செய்யும்). 15 எம்எம் ஸ்பேனர். பிளஸ் ஸ்க்ரூ டிரைவர். டயர் கழட்ட ரெண்டு பிளாஸ்டிக் லீவர். பஞ்சர் கிட். செயின் ஆயில் ஒரு பாட்டில். பிரஷர் காட்டும் மீட்டர் வைத்த கைப் பம்ப் மட்டும் கொஞ்சம் காசு. அதில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் அடிக்கடி பயன்படப்போவது அதுதான். 20 கருவி உள்ள பெட்டியை ஆன்லைனில் பார்த்து மயங்காதீங்க. அதில் 14 கருவியைத் தொடவே மாட்டீங்க.

முதல்ல காத்து

"சைக்கிள் பாரமா இருக்கு" என்பவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இதுதான். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருக்கும். அந்த வரம்புக்குள், தார் ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு 40 முதல் 50 வரை வசதியாக இருக்கும். இந்த சைக்கிள்களில் பெரும்பாலும் பைக், கார் டயரில் இருக்கும் அதே வால்வுதான். அதனால் பெட்ரோல் பங்கிலேயே அடிக்கலாம், இலவசம்தான். ஆனால் சைக்கிள் ட்யூபுக்குள் இடம் குறைவு, நொடியில் நிரம்பிவிடும்; எவ்வளவு வேணும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க.

பஞ்சர் ஆனா, ட்யூபைப் பார்க்கும் முன் டயரின் உள்பக்கம் விரலை மெதுவாகச் சுற்றி முள்ளையோ கண்ணாடித் துண்டையோ தேடுங்க. அதை எடுக்காமல் ஒட்டினால் மறுநாளே திரும்ப உட்காருவீங்க. ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு போய்க் காயும் வரை பொறுங்க. அவசரப்பட்டு ஈரத்தோடு பேட்ச் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ட்யூபில் பக்கம் பக்கமாக ரெண்டு ஓட்டை இருந்தால் அது முள் இல்லை. காத்து கம்மியா ஓட்டி, பள்ளத்தில் இறங்கும்போது ரிம் கடித்தது.

செயின்: உண்மையான பணம் இங்கேதான்

ஒரு பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்க, கறுப்பு வரும். துணியில் கறுப்பு குறையும் வரை. அப்புறம் ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு சொட்டு ஆயில். ஒரு நிமிஷம் சுற்றிவிட்டு, வெளியில் இருக்கும் ஆயிலை மறுபடி துடைத்துவிடுங்க. ஆயில் உள்ளே இருந்தால்தான் வேலை, வெளியில் இருந்தால் மண்ணைச் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். கிரீஸும் வேண்டாம். டபிள்யூடி-40 துருவை விடுவிக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது, அதுவே செயினுக்கு ஆயில் ஆகாது. கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்க மழைக்கு அப்புறம் இதைத் தள்ளிப்போடாதீங்க. ஒரே வாரத்தில் செயின் செம்பட்டை நிறம் ஆகிவிடும்.

இப்போது ஒரு இரும்பு டேப் எடுங்க. தையல் டேப் இழுபடும், சரிவராது. ஒரு பின்னின் நடுவில் சுழியத்தை வைத்து 24 இணைப்பு எண்ணுங்க. புது செயினில் அது சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர் வரும். ஓட ஓட ஒவ்வொரு பின்னும் தேய்ந்து செயின் "நீளும்". 307-ஐத் தொட்டால் செயினை மாற்றிவிடுங்க. 308-ஐத் தாண்டிவிட்டால், அந்த நீண்ட செயின் பின் சக்கரத்தின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்திருக்கும். அப்போது புது செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது பல்லில் வழுக்கும். ஃப்ரீவீலையும் சேர்த்துத்தான் மாற்றணும்.

எனக்கு 307 காட்டியது. செயின் 450 ரூபாய். ஃப்ரீவீலும் போயிருந்தால் இதுவே மூணு மடங்கு. எங்க தொழிலில், அன்றாடப் பராமரிப்பை அந்த வருஷ லாப நஷ்டக் கணக்கில் செலவாக எழுதிவிடுவோம், சொத்தின் மதிப்போடு கூட்ட மாட்டோம். கிளையண்ட் செலவைக் குறைக்கணும்னா முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான். ரெண்டு வருஷம் கழித்து மெஷினே புதுசா வாங்குவார். சைக்கிளில் அது ரெண்டே மில்லிமீட்டரில் நடக்கிறது.

(செயினைக் கழற்ற ஒரு தனிக் கருவி வேணும். வருஷத்துக்கு ஒருமுறை செய்வதற்கு அதை வாங்குவதைவிட கடையில் கொடுப்பது மேல். 6, 7, 8 ஸ்பீடு செயின் என்று கேளுங்க. பழைய செயினில் எத்தனை இணைப்போ அத்தனை.)

கியர் தாவுதா?

புது சைக்கிளில் ரெண்டு மாசத்தில் கியர் கெட்டுப்போகாது. கேபிளும் அதன் உறையும் அமர்ந்து, கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். இதற்காகவே சைக்கிளை வெறுத்தவர்கள் நிறைய.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், செயினைப் பல் மாற்றித் தள்ளுகிற கை ஒன்று தொங்குகிறதே, அதுதான் டெரெய்லர். கேபிள் அதற்குள் நுழையும் இடத்தில் விரலால் சுற்றக்கூடிய சின்ன உருளை இருக்கும். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், அந்த உருளையைக் கழற்றுகிற திசையில் கால் சுற்று. கேபிள் இறுகும். சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் உள்ளே முடுக்குகிற திசையில் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பெடலைச் சுற்றி கியரை மாற்றிப் பாருங்க. எனக்கு மூணு கால் சுற்றில் முடிந்தது. செலவு பூஜ்யம்.

அதே டெரெய்லரில் ஹெச், எல் என்று குறியிட்ட ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். யூட்யூப் பார்த்துவிட்டு எல்லாரும் முதலில் திருகுவது இதைத்தான். தொடாதீங்க. செயின் எந்தப் பக்கம் எதுவரை போகலாம் என்கிற எல்லையை வைப்பது மட்டும்தான் அவற்றின் வேலை. எல் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால் செயின் பெரிய பல்லையும் தாண்டி போக்ஸ் கம்பிக்குள் விழும்; ஓடும்போது அது நடந்தால் சக்கரமும் போகும், நீங்களும் விழுவீங்க. சைக்கிள் எப்போதாவது வலது பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால், பின்னாடி நின்று பாருங்க: டெரெய்லர் உள்பக்கமாக வளைந்து தொங்கினால் அது கேபிள் பிரச்சினை இல்லை, கடைக்குக் கொண்டுபோங்க.

பிரேக்: இங்கே மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

உரசுற சத்தம்தான் பொதுவான புகார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பெட்டியை ஃப்ரேமோடு பிணைக்கும் ரெண்டு போல்ட்டை, 5 எம்எம் ஆலன் கீயால் அரை சுற்று தளர்த்துங்க. பிரேக்கை அழுத்திப் பிடியுங்க, பெட்டி தானாக நடுவுக்கு வரும். பிடித்தபடியே போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்க. இன்னும் லேசாக உரசினால், பிரேக்கை விட்டுவிட்டு, டிஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் மெல்லிய விசிட்டிங் கார்டு செருகி மறுபடி இதையே செய்யுங்க. கார்டை உருவினால் இடைவெளி கிடைச்சிடும்.

லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து இடிக்குதா? முதலில் பேடைப் பாருங்க. இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் பொருள் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றணும், கேபிளை இழுத்துக் கட்டி ஏமாற்றக் கூடாது. கேபிள் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் வெளிப் பேடு மட்டும்தான் நகரும். உள்பேடு அசையாது, அது தேயத் தேய சக்கரத்தின் பக்கமிருந்து ஒரு திருகால் நாம்தான் நெருக்கமாகக் கொண்டுவரணும். கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால், அந்த ஒரே பேடு டிஸ்க்கை வளைத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்.

என் பேடு தேயவே இல்லை. ஆனாலும் மாத்தினேன். ஏன்னா செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கிறேன் என்று பின் டிஸ்க்கிலும் அடித்துவிட்டேன். எண்ணெய் குடித்த பேடு பிடிக்கவே பிடிக்காது. என் அவசரத்துக்கு 200 ரூபாய் அபராதம். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு புது பேடு போட்டேன். செயினுக்கு ஸ்ப்ரே வேண்டாம், சொட்டு ஆயில் என்று மேலே சொன்னது இதனால்தான்.

பிரேக்கில் எதைத் தொட்டாலும், ரோட்டுக்குப் போகும் முன் பார்க்கிங்கில் நடை வேகத்தில் நாலு முறை பிடித்துப் பாருங்க.

ஆட்டம் போடுற இடங்கள்

பெடல் பொருந்தியிருக்கும் கிராங்க் கையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்க. "தட்" என்று அசைந்தால் அன்றே அதன் நடு போல்ட்டை இறுக்குங்க, அதற்கான சாக்கெட் இல்லை என்றால் கடையில் 2 நிமிஷ வேலை. அசைகிற கிராங்கோடு ஓட்டினால் அதன் சதுர ஓட்டை வட்டமாகிவிடும். அதுக்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது, கிராங்க் மாத்தித்தான் ஆகணும்.

பெடல் கழற்றுகிறீர்களா? இடது பெடலுக்கு மரை தலைகீழ். ஸ்பேனரை வழக்கமான திசையில் போட்டு முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் தள்ளும்போது கழுத்தில் ஆட்டம் தெரிந்தால், முதலில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தி, அப்புறம் மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவு மட்டும் முடுக்கி, கடைசியில் பக்கவாட்டைத் திரும்ப இறுக்குங்க. இந்த வரிசை மாறினால் பலன் இல்லை.

முட்டி வலிக்குது என்பவர்கள் டாக்டருக்கு முன்னாடி சீட்டைப் பாருங்க. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். சீட் கம்பியில் ஒரு குறைந்தபட்சக் கோடு போட்டிருக்கும், அது ஃப்ரேமுக்கு வெளியே தெரியக் கூடாது.

எதுக்குக் காசு கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

ரிம் பெண்டு எடுப்பது, கிராங்க் அச்சின் பால்ரஸ் மாற்றுவது, வளைந்த டெரெய்லரை நிமிர்த்துவது எல்லாம் கைப்பழக்கம் உள்ளவர்கள் வேலை. பேரம் பேசாமல் கொடுங்க. ஆனா "ஃபுல் சர்வீஸ்" என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னால், எதெது, எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்க. எனக்குச் சொன்ன 4,500-இல் புது டெரெய்லரும் இருந்தது. கால் சுற்றுக்குப் பதிலாக. முன் சஸ்பென்ஷனை விலை உயர்ந்ததாக மாற்றலாமா என்று கேட்காதீங்க. 16,000 சைக்கிளில் 9,000 ஃபோர்க் போட்டால் விற்கும்போது அந்த 9,000-க்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

இதெல்லாம் செய்த பிறகு மூணு வாரம் ஓட்டிப் பாருங்க. அப்பவும் பிடிக்கலையா, ஃப்ரேம் உங்க உயரத்துக்குச் சின்னதா, தாராளமா வித்துடுங்க. ஓடுகிற சைக்கிளாக, செயின் மாற்றிய தேதியோடும் ஃப்ரேம் அளவோடும் விளம்பரம் போடுங்க.

நான் விற்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் பையனுக்கு ஏற்கெனவே ஒரு பழைய சைக்கிள் இருந்தது, செயின் அடிக்கடி கழன்று விழும் என்றார். போன ஞாயிறு அதையும் பார்க்கிங்கில் தலைகீழாக நிறுத்தி வைத்து அவனையே பார்க்கச் சொன்னேன். பின் சக்கரத்தை ஒரு விரற்கடை பின்னால் இழுத்து நட்டை இறுக்க வேண்டியிருந்தது. அவனே செய்துவிட்டான்.