திட்டிகளில் சறுக்கப் பழகுதல்

2019 மாசியில் கனடாவின் மொன்றியலில் அக்கா வீட்டில் நின்றேன். பதினான்கு வயதுப் பெறாமகள் தன் பனிச்சறுக்குப் பலகைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மோகலில் விழுந்த பயம், சித்தி" என்றாள்.

மோகல் என்றால் என்ன, சகோதரிகளே? பலரும் ஒரே இடங்களில் வளைந்து வளைந்து சறுக்கும்போது பனி ஒதுங்கிக் குவியும் திட்டிகள்தாம். மென்சரிவுகளில் இரவில் இயந்திரம் ஓட்டி அவற்றைச் சமப்படுத்திவிடுவார்கள். செங்குத்தான சரிவுகள் சிலவற்றை அப்படியே விடுவார்கள். ஆகவே பழகும் பிள்ளை, பாய் விரித்தாற்போன்ற பனியை விட்டு நேரே அங்கேதான் போகவேண்டியிருக்கிறது. சரிவும் புதிது, திட்டியும் புதிது. அவளை அங்கே கூட்டிச் சென்றவர் எங்கள் அத்தான்தான்!

அந்தச் சனிக்கிழமை பயிற்றுநரான பெண்ணொருவர் அவளை மென்சரிவின் ஓரத்தில், இயந்திரம் படாத பகுதிக்கு அழைத்துப் போனார். முழங்கால் உயரங்கூட இல்லாத திட்டிகள். திட்டியில் ஏறும்போது முழங்காலை மடக்க வேண்டும், பள்ளத்தில் காலை நீட்ட வேண்டும், நெஞ்சு கீழ்நோக்கியே இருக்க வேண்டும். இரண்டு திட்டி கடந்ததும் நிற்கச் சொன்னார். வேகம் இல்லாததால் விழுந்தும் சிரித்தாள்.

"இப்படி இடங்களை ஏன் கூடுதலாக விடுவதில்லை?" என்று கேட்டேன்.

"வருபவர்கள் வழுவழுப்பைத்தான் கேட்கிறார்கள்" என்றார். சமூகவியல் படித்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் மகளிர் மோகல் போட்டியில் மொன்றியலைச் சேர்ந்த ஜஸ்டின் டுஃபூர்-லாப்வான்ட் தங்கமும், அவரது அக்கா குளோயி வெள்ளியும் வென்றார்கள். அந்தச் சகோதரிகளின் படம் பெறாமகளின் அறைச் சுவரில் இருந்தது.

குளிரில் விறைத்துப்போய் நின்றேன். பின்னேரம் எட்டுத் திட்டிகளை நிற்காமல் கடந்தவள், "இன்னொருக்கால், சித்தி" என்று மறுபடி மேலே போனாள்.