தலையில்லாத ஸ்ராவு

கேரளத்தின் கழக்கூட்டத்துச் சந்தையில் சுறாவுக்கு 'ஸ்ராவு' என்று பெயர். பெரிய சுறா பெரும்பாலும் தலையும் வாலும் போய், வெறும் துண்டங்களாகத்தான் பலகைக்கு வரும். தோலைத் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். சுறா என்பது வரை விரல் சொல்லிவிடும். எந்தச் சுறா என்று கேட்டால் விற்பவரும் விழிப்பார்.

அது தெரிந்தவர்கள் தெற்கே, எல்லை தாண்டி, தமிழ்நாட்டின் தூத்தூரில் இருக்கிறார்கள். தூத்தூர் உட்பட, நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான எட்டு ஊர்களும் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போனவை. வாரக்கணக்கில் கடலில் கிடந்து, நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் பிடித்ததைப் பெரும்பாலும் கொச்சியில் இறக்குவார்கள்.

முழு மீன் கிடந்தால் அடையாளம் சிரமமில்லை. பெருங்கடல் வெள்ளைமுனைச் சுறாவின் முதுகுத் துடுப்பு கூராக இருக்காது. படகுத் துடுப்பின் அலகு போல் அகன்று உருண்டு, முனையில் சுண்ணாம்பு தெளித்தது போலிருக்கும். ஆனால் குட்டியில் அதே முனை கருப்பு; புதியவர் ஏமாறும் இடம் இதுதான். பட்டுச் சுறாவுக்கு முதுகுத் துடுப்பு சிறியது, பின்னால் தள்ளி நிற்கும். சாட்டைவால் சுறாவுக்கு வாலே பாதி நீளம். அதைச் சுழற்றி மீன்கூட்டத்தை அடித்து மயக்கித்தான் தின்னும். தூண்டில் இரையையும் அப்படியே அடிப்பதால், வாயில் மாட்டாமல் வாலில் மாட்டி வருவதும் உண்டு.

2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மீனவர்கள் கொதித்தார்கள். டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. ஜூலை உத்தரவு கடலை அறியாதவர் போட்டது என்பது என் எண்ணம். 2013-இல் வந்த விதி அப்படியல்ல: பீலியை, அதாவது சுறாத் துடுப்பை, அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியக்கூடாது, துடுப்பு உடலோடு ஒட்டியே கரைக்கு வர வேண்டும். பீலிக்காகவே கொல்லும் பழக்கத்துக்கு அது கடிவாளம். துறைமுகத்தில் இனம் காணவும் வழி. 2015-இல் பீலி ஏற்றுமதிக்கே தடை வந்தது.

இருந்தும் இந்த அடையாளமெல்லாம் மீன் மேலே வந்த பிறகுதான். தூண்டில் ஆள் பார்த்து மாட்டுவதில்லை. சாட்டைவால் சுறா ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டே குட்டி போடும். நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. வாலில் மாட்டியதைப் பின்னோக்கி இழுத்தால் செவுளுக்குள் நீர் போகாது. கயிறு மேலே வரும்போது முதலில் தெரிவது அந்த நீள வால். தலை வந்து சேர்வதற்குள் பல நேரம் உயிர் போயிருக்கும்.